மூட மறுத்த பூட்டு

பைக்கின் முன் டயரில் காற்று இல்லை. பின் டயரிலும் இல்லை.

"ஒரு டயர்னா முள்ளு குத்திச்சுனு சொல்லலாம் மேடம். ரெண்டும் போச்சுன்னா அதுக்குப் பேரு வரவேற்பு" என்றான் ஆசிக்.

பெனிட்டா கையிலிருந்த ஹெல்மெட்டை பைக் கண்ணாடியில் மாட்டினாள். டீக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ வேலையை முடித்திருந்தார்கள். டீயும் கிடைக்கவில்லை. இவர்கள் பெஞ்சில் உட்கார்ந்ததுமே கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, பால் இருந்த பாத்திரத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, உள்ளே போய்விட்டார்.

"பாலு தீர்ந்து போச்சுனு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்" என்றான் ஆசிக். "மரியாதை தெரியாத ஊரு."

"பேசினாத்தானே பொய் சொல்ல முடியும்? நம்மகூடப் பேசக் கூடாதுனு கட்டுப்பாடு போட்டிருக்காங்க. நட."

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் ஏரியுமாக, நடுவில் ஒடுங்கிக் கிடந்தது சவுக்குத்தோப்பு குப்பம். பொன்னேரியில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் பெனிட்டாவையும் அவள் உதவியாளன் ஆசிக்கையும் இங்கே வரவழைத்தவள் ரோசி. அவள் மகன் பிரவீன் மேல் ஊரே திருட்டுப் பட்டம் கட்டியிருந்தது.

திருட்டுப் போனது ஒரு படகு எஞ்சின். தனி ஆளுடையது அல்ல, ஊர்ப் பொது எஞ்சின். காற்று மாறி யாராவது கடலில் மாட்டிக்கொண்டால் கட்டி இழுத்து வருவதற்காக எல்லோரும் சேர்ந்து வாங்கி, தனிக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. எஞ்சின் இல்லை. கொண்டியில் பூட்டு மட்டும் வாயைப் பிளந்து தொங்கியது. அதன் சாவித் துவாரத்துக்குள் ஒரு குடைக்கம்பித் துண்டு ஒடிந்து நின்றது.

அந்தக் குப்பத்தில் குடைக்கம்பியால் பூட்டு திறந்து பழகுகிறவன் ஒருவன்தான். பிரவீன்.

இன்று ஏரிப் பாடு எடுக்கும் நாள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று வருஷத்துக்கு ஒரு முறை குலுக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வலை மிதவை. அதில் அந்தக் குடும்பத்தின் அடையாளம் செதுக்கியிருக்கும். மிதவை பானைக்குள் விழுந்தால் பாடு உண்டு. விழாவிட்டால் வருஷம் முழுவதும் ஏரியில் வலையை நனைக்க முடியாது. ரோசியின் மிதவையைப் பானையில் போடுவதில்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது. அவளுக்குப் புருஷன் இல்லை. அந்த ஏரியை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

"குலுக்கல் எப்போ?" என்று கேட்டான் ஆசிக்.

"உச்சி வெயிலுக்கு."

ஆசிக் வானத்தைப் பார்த்தான். "அப்போ வெயிலைக் கொஞ்சம் மெதுவா ஏறச் சொல்லுங்க."

ரோசி வாசலிலேயே நின்றிருந்தாள். "வாம்மா. ஒக்கார வைக்கலாம்னா சேர் பக்கத்து ஊட்டுது. கேட்டா குடுக்க மாட்டாங்க. கொழாத் தண்ணியே பிடிக்க விடல."

உள்ளே பிரவீன் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வயது. எதிரே ஒரு நைலான் கயிற்றில் வரிசையாகக் கோத்த பூட்டுகள். எல்லாம் பழவேற்காடு பஜாரில் கூடையில் குவித்து விற்கும் மலிவுச் சரக்கு.

"இன்னாபா, பூட்டைக் கருவாடு போட்டு வச்சுகினு கீற?" என்றான் ஆசிக்.

பிரவீன் சிரிக்கவில்லை. "போன்ல வீடியோ பாத்துக் கத்துகினேன். பஜார்ல ஒரு பூட்டு ரிப்பேர் கடை போடணும்னு ஆசை. அது தப்பா?"

"ஞாயிற்றுக்கிழமை கொட்டகைப் பக்கம் போனியா?" என்று கேட்டாள் பெனிட்டா.

"போகல."

"எஞ்சினை எடுத்தியா?"

"எடுக்கல!"

இரண்டாவது பதிலைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தான். முதல் பதிலைப் பாயிடம் சொல்லியிருந்தான்.

பெனிட்டா கயிற்றிலிருந்து ஒரு பூட்டை உருவி அவன் முன்னால் போட்டாள். "திற. பாக்கறேன்."

"இதுவா? இது வராது. ரெண்டு வாரமா மல்லுக்கட்றேன்."

"வராததுதான் எனக்கு வேணும்."

அவன் இரண்டு கம்பிகளை எடுத்தான். முனை மடித்த சைக்கிள் ஸ்போக் ஒன்று. அதைத் துவாரத்தின் ஓரத்தில் செருகிப் பூட்டைத் திருப்பும் பக்கமாக அழுத்தினான். மற்றது குடைக்கம்பி. தேய்த்து மெலிதாக்கிய அதன் நுனியால் உள்ளே இருக்கும் பின்களை ஒவ்வொன்றாக மேலே தள்ள முயன்றான். பெனிட்டா பூட்டைப் பார்க்கவில்லை. அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"எங்க மாட்டுது?"

"எந்தப் பின்னும் அசைய மாட்டேங்குது. எல்லாம் கல்லு மாதிரி."

"பின் கல்லு இல்ல. உன் விரல்தான் கல்லு. திருப்புற கம்பியில ஊரையே ஏத்தி வச்சிருக்கே. அந்த பாரத்துல எல்லாப் பின்னும் ஒண்ணா நசுங்கி நிக்குது. ஒண்ணு மட்டும் மாட்டணும், மத்தது எல்லாம் ஸ்பிரிங் மாதிரி துள்ளணும். கையைத் தளர்த்து."

அவன் தளர்த்தினான். நுனி உள்ளே தடவியது. பூட்டு ஒரு மயிரிழை திரும்பி நின்றது.

"ஹா! வந்துச்சு!" என்று கட்டைவிரலை மறுபடி அழுத்தினான்.

"அழுத்தாதே. பாதி திரும்பி நின்னா, ஒரு பின்னை அளவுக்கு மேல ஏத்திட்டேனு அர்த்தம். இல்ல ஒண்ணு பாக்கி இருக்கு. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான். விடு. கொஞ்சம் கொஞ்சமா விடு. எது கீழே விழுதுனு காதால கேளு."

கேட்கும் அளவுக்கு அவனுக்குப் பொறுமை இல்லை. சுருக்கென்று திருகினான். குடைக்கம்பியின் நுனி ஒடிந்தது.

"ஆமென்" என்றான் ஆசிக்.

பெனிட்டா ஒரு ஊசியால் ஒடிந்த துண்டை வெளியே எடுத்தாள். ரோசி போனில் அனுப்பியிருந்த கொட்டகைப் பூட்டின் படத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பிரவீன், கயித்துல கோழிக்கால் கட்டி நண்டு பிடிச்சிருக்கியா?"

"நண்டு பிடிக்காத ஆளா இந்த ஊர்ல?"

"நண்டு இரையைக் கவ்வினதும் வெடுக்குனு இழுப்பியா?"

"இழுத்தா விட்டுடுமே. அது கவ்வுறது தெரியாத மாதிரி தூக்கணும்..." அவன் நிறுத்தினான். கையிலிருந்த ஸ்போக்கைப் பார்த்தான். வேறு குடைக்கம்பியை எடுத்தான். இந்த முறை கட்டைவிரல் நகம் சிவப்பாகவே இருந்தது. முன்னால் இருந்த பின்னை விட்டு, நடுப் பின்னைத் தொட்டான். அப்புறம் கடைசி. மலிவுப் பூட்டில் துளைகளைக் கோணல் மாணலாகப் போட்டிருப்பார்கள். எது முதலில் மாட்டும் என்று பூட்டுதான் சொல்லும். ஒரு முறை தளர்த்தினான். உள்ளே எதுவோ மெல்ல இறங்கியது. திரும்ப ஏற்றினான்.

டக்.

கொக்கி எகிறியது. இரண்டு நாளில் முதல் முறையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

ரோசிக்கு வரவில்லை. "எம் புள்ள திருடன் இல்லைனு காட்டுறதுக்கு உன்னை இட்டாந்தேன். நீ அவனுக்குத் திருட்டு வேலையில டியூஷன் எடுக்கிறே! எழுந்து போம்மா. போ."

"போறேன்" என்றாள் பெனிட்டா. "குலுக்கல் நடக்கிற இடத்துக்கு. ரெண்டு பேரும் வாங்க. பிரவீன், கம்பிகளை எடுத்துக்க."

கடற்கரையில் கவிழ்த்து வைத்த ஃபைபர் படகின் நிழலில் ஒரு பெண் வலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் மனோரமா என்று நடந்துகொண்டே சொல்லி வைத்தாள் ரோசி. பக்கத்தில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் மனோரமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யக்கா, ஒரு வார்த்தை" என்றாள் பெனிட்டா.

வலை ஊசி நிற்கவில்லை.

ஆசிக் காதருகே வந்தான். "மேடம், பேசக் கூடாதுனுதான் கட்டுப்பாடு. திட்டக் கூடாதுனு யாரும் சொல்லல. நீங்க சும்மா இருங்க." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "பாவம் மேடம் இந்த ஜனங்க. ஒரு ஓட்டை எஞ்சினுக்குப் போய் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பாங்களா?"

ஊசி நின்றது.

"ஜூலி" என்றாள் மனோரமா நாயிடம். "கேட்டியாடி? ஓட்டை எஞ்சினாம். போன கார்த்திகைல வாடை அடிச்சப்போ அந்த ஓட்டை எஞ்சின்தான் எம் புருசனைக் கட்டி இழுத்தாந்துச்சு. இல்லேனா இந்நேரம் அவரு போட்டோவுல மாலையோட இருப்பாரு. டவுன் நாயிங்களுக்கு அது எங்க தெரியும்?"

நாய் வாலை ஆட்டியது.

"என்னையும் சேத்துத்தான் சொல்றாங்க ஜூலி" என்றான் ஆசிக். "ஆனா தினமும் ஓட்டி ஓட்டித் தேஞ்சிருக்கும்ல?"

"தினமும் ஓட்டுனாங்களாம்! பொங்கலுக்கு அப்புறம் அது சத்தத்தைக் கேட்ட காது இந்தக் குப்பத்துல இல்ல. ஏரியும் கடலும் தட்டு மாதிரி கிடக்குது. இன்னாத்துக்கு எடுக்கணும்?"

"எடுக்காட்டி இன்னா, ஊர்ச் செயலாளரு தேவதாஸ் சனிக்கிழமை சனிக்கிழமை கொட்டகையைத் திறந்து எஞ்சினைத் துடைச்சு எண்ணெய் போடுவாராமே. போன சனிக்கிழமைகூடத் துடைச்சாராம்."

"துடைக்கிறாரு! அவரு ஊட்டு வாசல்ல கிடக்கிற சைக்கிளைத் துடைச்சு ஒருத்தரும் பாத்தது இல்ல. இதைத் துடைக்கிறாராம்..." மனோரமாவின் குரல் பாதியில் மெலிந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைக் குத்தினாள். "நமக்கு இன்னாத்துக்குடி ஊர் வம்பு. தூங்கு."

தள்ளி வந்ததும் ஆசிக் கேட்டான்: "ஏதாவது கெடைச்சுதா மேடம்?"

"உனக்கு நாய்ப் பட்டம் கெடைச்சுது. எனக்கும் ஒண்ணு கெடைச்சுது."

எஞ்சின் கொட்டகை மீன் ஏலக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாலு பக்கமும் தகரம். கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அதுவும் அதே கூடைச் சரக்கு. ஊர் முடிவு தெரியும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று தலைவர் பூட்டியிருந்தார். அதன் மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு ரப்பர் துண்டு தொங்கியது. உப்புக் காற்று துவாரத்துக்குள் போகாமல் இருக்க இங்கே எல்லாப் பூட்டுக்கும் போடும் சட்டை அது.

பெனிட்டா பின்பக்கம் போனாள். இரண்டு தகரங்களுக்கு நடுவே விரல் அகல இடுக்கு. செல்போன் விளக்கை அடித்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இன்னா தெரியுது மேடம்?"

"மண்ணு."

"கடற்கரையில மண்ணைக் கண்டுபிடிச்ச முதல் துப்பறியும் நிபுணர் நீங்கதான்."

ஏலக் கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. நடுவில் ஒரு பெரிய மண்பானை. அதைச் சுற்றி மிதவைகள். மீன் முள் செதுக்கிய ஒரு மிதவை மட்டும் தள்ளி, மணலில் குப்புறக் கிடந்தது. அது ரோசியுடையது.

ஊர்த் தலைவர் தாமோதரன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு எப்போதும் புடைத்திருக்கும் ஆள். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் தேவதாஸ். கொட்டகையின் பழைய சாவி இன்னும் அவர் அரைஞாணில் தொங்கியது. அது அவரிடம் மட்டும்தான் இருந்தது. பிரவீனைக் கண்டதும் கூட்டம் இரைந்தது. ஒரு கிளிஞ்சல் பறந்து வந்து ஆசிக்கின் தோளில் பட்டது.

"யாரைக் கேட்டு உள்ளே வந்தே?" என்றார் தாமோதரன் பெனிட்டாவிடம். தலைவரும் செயலாளரும் பேசலாம். கட்டுப்பாடு போட்டவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை.

"கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல தலைவரே. அதான் கேட்காம வந்துட்டேன். அந்தப் புதுப் பூட்டை பிரவீன் உங்க கண்ணு முன்னாடி திறப்பான்."

தேவதாஸ் சிரித்தார். "திருடன் வித்தை காட்ட இது இன்னா சர்க்கஸா?"

"திறந்தா?" என்று கேட்டார் தாமோதரன்.

"திறந்தா, ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான் திறந்தான்னு நானே சொல்றேன்."

ரோசி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! உன்னைப் போய் நம்பினேனே!"

"மேடம்" என்று கிசுகிசுத்தான் ஆசிக், "நாம யாரு பக்கம்?"

"பூட்டு பக்கம். பிரவீன், திற."

அவன் எஞ்சின் கொட்டகைக் கதவுக்குப் போய்ப் பூட்டின் மேல் கிடந்த ரப்பரை ஒதுக்கினான். பின்னால் இருந்து வசவுகள் வந்து விழுந்தன. ஸ்போக்கைச் செருகியதும் கட்டைவிரல் பழையபடி வெளுத்தது. பூட்டு கல்லாக நின்றது.

"நடிக்கிறான்!" என்றது ஒரு குரல்.

பெனிட்டா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நண்டு."

நகத்தில் ரத்தம் திரும்பியது. ஒரு பின். இன்னொன்று. பாதி திரும்பி நின்றது. அவன் அழுத்தவில்லை. விட்டான், கேட்டான், மறுபடி தொட்டான்.

டக்.

கூட்டம் கொதித்தது. யாரோ அவன் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். பெனிட்டா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் சொன்ன வார்த்தை வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமையும் இவன்தான் திறந்தான்." பையிலிருந்து காகிதத்தைப் பிரித்தாள். "இது காலையில இவன் வீட்டுல ஒடிஞ்ச கம்பி நுனி. பழைய பூட்டுல மாட்டியிருக்கிற துண்டோட வச்சுப் பாருங்க. ஒரே குடை. ஒரே மாதிரி தேய்ச்சது. ஒரே மாதிரி பாரம் போட்டு முறுக்கி ஒடிச்சது. பிரவீன், இன்னும் பாயைப் பாத்துத்தான் பதில் சொல்லப் போறியா?"

பிரவீன் தலை கவிழ்ந்தது. "திறந்தேன். என் பூட்டெல்லாம் புதுசு. உப்புல ஊறின பழைய பூட்டு வருதானு பாக்கத் திறந்தேன். மத்தியானம் ஏலம் முடிஞ்சு எல்லாரும் ஊட்டுக்குப் போயிருந்தீங்க."

ரோசியின் அறை அவன் கன்னத்தில் விழுந்த சத்தம், பூட்டு திறந்த சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"முடிஞ்சுது" என்றார் தேவதாஸ். "தலைவரே, பானையை எடுங்க."

"இன்னும் பாதிதான் முடிஞ்சுது" என்றாள் பெனிட்டா. "பிரவீன், இப்போ பூட்டு."

அவன் கொக்கியை அமுக்கினான். க்ளிக். இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

"தலைவரே, உங்ககிட்ட இருக்கிற பழைய பூட்டை நீங்க பூட்டுங்க."

தாமோதரன் துண்டு முடிச்சை அவிழ்த்துப் பழைய பூட்டை எடுத்தார். அமுக்கினார். கொக்கி உள்ளே போனது. கையை எடுத்ததும் வெளியே வந்தது. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"மூடாது" என்றாள் பெனிட்டா. "ஒடிஞ்ச கம்பி உள்ளே குறுக்க நிக்குது. பாதி திரும்பின பூட்டு பழைய இடத்துக்குத் திரும்பல. அதனால கொக்கியைக் கவ்வ முடியல. இந்தப் பையன் திறந்தான், மூடப் பாத்தான், முடியல. பயந்து ஓடிட்டான். பூட்டு திறந்து கிடந்ததாலதான் எஞ்சின் இல்லைனு உங்களுக்குத் தெரிஞ்சுது. மூடியிருந்தா?"

தாமோதரன் பழைய பூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"அடுத்த வாடைக் காத்து வரைக்கும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள் பெனிட்டா.

"கதை நல்லா இருக்குது" என்றார் தேவதாஸ். "திறந்தான், எஞ்சினைத் தூக்கினான், மூட முடியல, ஓடிட்டான். இதுல எஞ்சின் எங்க போச்சுனு மட்டும் உன் கதையில காணோமே?"

"அதையும் உள்ளே போய்ப் பாத்துடலாம். தலைவரே, கதவு."

"இந்த வாட்டி சாவியாலயே திறங்க தலைவரே" என்றான் ஆசிக். "பையன் கை வலிக்குது."

தாமோதரன் அவனை முறைத்தபடியே திறந்தார். கூட்டம் வாசலில் நெருக்கியது. உள்ளே ஒரு பெட்ரோல் கேன், கொஞ்சம் கயிறு, இரண்டு முளைகளுக்கு நடுவே அடித்த ஒரு தடித்த பனம்பலகை. அவ்வளவுதான்.

"செயலாளரே, எஞ்சின் எதுல மாட்டியிருந்துச்சு?"

"இந்தப் பலகையில."

"போன சனிக்கிழமை துடைச்சீங்க?"

"வாரம் தவறாம துடைக்கிறேன். ஊருக்கே தெரியும்."

"எந்த இடத்துல மாட்டியிருந்துச்சுனு கை வச்சுக் காட்டுங்க."

தேவதாஸ் அலட்சியமாகக் கையை நீட்டினார். கை பலகையின் நடுவே போனது. அங்கே இறங்காமல் அந்தரத்தில் நின்றது.

பலகையின் நடுவில், எஞ்சினின் இரும்புப் பிடி கடித்துக் கடித்துப் பள்ளமான இடத்தின் மேலேயே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளவிக் கூடு ஒட்டியிருந்தது. காய்ந்து வெளுத்த மண். பிடி கடித்த பள்ளங்கள் இரண்டு பக்கமும் மண்ணுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தன.

"வையுங்க செயலாளரே" என்றாள் பெனிட்டா. "கடிக்காது. உள்ளே யாரும் இல்ல."

தேவதாஸ் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "இது... ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் போனப்புறம் கட்டியிருக்கும். குளவிதானே. நேத்து கட்டியிருக்கும்."

"நேத்து கட்டுச்சா?"

கேட்டது பெனிட்டா இல்லை. மனோரமா கூட்டத்தை இரண்டு முழங்கையாலும் விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். கையில் வலை ஊசி அப்படியே இருந்தது. பக்கத்தில் நாய் இல்லை.

"இந்தாய்யா, அதுல இருக்கிற ஓட்டையைப் பாரு. ஒண்ணு, ரெண்டு இல்ல, அடை முழுக்க ஓட்டை. குளவி மண்ணு பூசி, உள்ளே புழு வளந்து, ரெக்கை முளைச்சு, ஓட்டை போட்டுப் பறந்து போறதுக்கு ஒரு மாசம் ஆவும். எங்க ஊட்டு ஜன்னல்ல வருசா வருசம் பாக்கறேன். நீ துடைச்ச எஞ்சின் இதுக்கு மேலயா நின்னுச்சு? குளவி குஞ்சு பொரிக்கிறப்போ நீ எதைத் துடைச்சே?"

தேவதாஸ் தாமோதரனைப் பார்த்தார். தாமோதரன் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எம் புருசன் காத்துல மாட்னா எதைக் கட்டி இழுப்பே?" மனோரமா வலை ஊசியால் கூட்டைத் தட்டினாள். "இந்த மண்ணைக் கட்டியா?"

தேவதாஸ் முளையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். "மச்சான் கேட்டான். ஆந்திராப் பக்கம் எறா சீசன், அவன் எஞ்சின் ரிப்பேரு, பத்து நாள்ல குடுத்துடறேன்னான். இங்க சும்மாதானே கிடக்குதுனு குடுத்தேன். பிடி சரியா முறுக்கல. நடுக் கடல்ல கழண்டு விழுந்துடுச்சு. எப்படியாவது வேற ஒண்ணு கொண்டாந்து வச்சுடலாம்னுதான் பூட்டி வச்சிருந்தேன்."

"ஞாயிற்றுக்கிழமை பூட்டு திறந்து கிடந்ததும் அந்தக் கவலை தீர்ந்து போச்சு" என்றாள் பெனிட்டா. "எடுத்த ஆளே வந்து கையெழுத்து போட்ட மாதிரி, உள்ளே குடைக்கம்பி வேற."

கூட்டத்தில் இருந்த எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையே இதே வாசலில் நின்று இதே பலகையைப் பார்த்தவர்கள். எஞ்சின் இல்லாததை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்கள்.

பெனிட்டா பிரவீன் பக்கம் திரும்பினாள். "உள்ளே காலியா இருந்ததைப் பாத்தியே. ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றாள் பெனிட்டா.

தாமோதரன் வெளியே போனார். மணலில் குப்புறக் கிடந்த மிதவையை எடுத்தார். ரோசியைப் பார்க்காமலே அதைப் பானைக்குள் போட்டார். காலிப் பானைக்குள் முதல் மிதவையாக அது 'தொப்' என்று விழுந்தது. பிறகு ஒரு நங்கூரம் செதுக்கிய மிதவையைக் குவியலிலிருந்து பொறுக்கி, மீன் முள் மிதவை கிடந்த அதே பள்ளத்தில் கவிழ்த்தார். அது தேவதாஸுடையது.

"ஊர்ப் பூட்டுல கை வச்சதுக்கு உன்கிட்டத் தனியாப் பேசணும்" என்றார் பிரவீனிடம். கடைசியாகப் பெனிட்டாவிடம், "வேலை முடிஞ்சுதுல்ல? கெளம்பு. குலுக்கல் வெளி ஆளுங்க பாக்கிறது இல்ல."

ரோசி பானையின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதன் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். யார் சொன்னாலும் இனி கையை எடுக்க மாட்டாள் போலிருந்தது.

டீக்கடை அடுப்பு இன்னும் அணைந்தே இருந்தது. வெயிலில் ஆசிக் பைக்கைத் தள்ள ஆரம்பித்தான். சக்கரம் மணலில் புதைந்தது.

"பழவேற்காடு வரைக்கும் இப்படியே தள்ளினா, நான் அங்கேயே என் ஊட்டுல படுத்துடுவேன் மேடம். ஒரு தேங்க்ஸ்கூடவா சொல்லக் கூடாது?"

"உனக்கு டீ குடுக்காத ஊரு தேங்க்ஸா குடுக்கும்? தள்ளு."

கவிழ்த்த படகின் நிழலில் மனோரமா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். இவர்கள் கடக்கும்போது தலையைத் தூக்கவில்லை. ஊசி வலைக்குள் போய் வந்தது.

"ஜூலி" என்றாள் நாயிடம், ஊருக்கே கேட்கும் குரலில். "நம்ம ஊட்டுப் பின்னால காத்தடிக்கிற பம்பு சாத்தி வச்சிருக்குது. கதவும் திறந்துதான் கிடக்குது. உனக்கு எதுக்குடி பம்பு? பேசாம படு."